சின்ன கேலிபிரேட்டர் இருந்தால் போதுமா? ஒளியியல் குறுக்கீட்டுமானி அளவுத்திருத்தம்

பிப்ரவரி 3, காலை 7:50 | வளையம்

குறுக்கீட்டுமானி (பல தொலைநோக்கிகளின் ஒளியை இணைத்து அளக்கும் கருவி) விஷயத்தில், கேலிபிரேட்டர் விண்மீன், அதாவது கருவியின் இழப்பைக் கண்டறியப் பார்க்கும் விட்டம் தெரிந்த விண்மீன், சின்னதாக இருந்துவிட்டால் அளவுத்திருத்தம் முடிந்த மாதிரிதானே? என் கணக்கு: அகச்சிவப்புக் கே பேண்ட், 2.2 மைக்ரோமீட்டர், பேஸ்லைன் (இரு தொலைநோக்கிகளின் இடைவெளி) 100 மீட்டர். கேலிபிரேட்டரின் கோண விட்டம் 0.5 மில்லி ஆர்க்செகண்ட், அதில் 5% ஐயம். பட்டைத் தெளிவின் (குறுக்கீட்டுப் பட்டைகள் எவ்வளவு பளிச்சென்று தெரிகின்றன என்பதன் அளவு, புள்ளி விண்மீனுக்கு 1) வர்க்கத்தில் இது 0.3% பிழைதான் தருகிறது.

ஆனால் இலக்கு ஒத்துவரவில்லை. வட்டு சூழ்ந்த இளம் விண்மீன், கே பேண்டில் மேக்னிட்யூட் 7 (எண் கூடக் கூட மங்கல்). சீரான வட்டமாகப் பொருத்தினால் முதல் இரவில் விட்டம் 1.47 மில்லி ஆர்க்செகண்ட், மூன்றாம் இரவில் 1.0. அதே கருவி, அதே பேஸ்லைன். முதல் இரவின் கேலிபிரேட்டர் மேலே சொன்னது, மேக்னிட்யூட் 4. மூன்றாம் இரவில் 6.8 உள்ள வேறொன்று, விட்டம் 0.15. பொருளே மாறிவிட்டதா?

பிப்ரவரி 3, காலை 9:20 | டிலேலைன்

பொருளைச் சந்தேகிப்பதற்கு முன் மேக்னிட்யூட் 4, 7 என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். 15 மடங்குக்கு மேல் ஒளி வேறுபாடு.

நீங்கள் பயன்படுத்துவது ஃபிரிஞ்ச் டிராக்கருக்கு (பட்டையை அசையாமல் நிறுத்தும் துணைக் கருவி) பின்னால் நீண்ட எக்ஸ்போஷர் எடுக்கும் கருவி என்று நினைக்கிறேன். டிராக்கர் இரு கற்றைகளின் பாதை வேறுபாட்டைத் துரத்திக்கொண்டே இருக்கும், ஆனால் முழுவதும் பிடிக்காது. மிச்சம் இருக்கும் நடுக்கம் எக்ஸ்போஷருக்குள் பட்டையைக் கலைத்துவிடும். கட்ட (ஃபேஸ்) நடுக்கத்தின் ஆர்எம்எஸ் மதிப்பு ரேடியனில் சிக்மா என்றால், தெளிவின் வர்க்கம் எக்ஸ்பொனன்ஷியல் (மைனஸ் சிக்மா வர்க்கம்) மடங்காகக் குறையும்.

பிரகாசமான கேலிபிரேட்டரில் மிச்ச நடுக்கம் 150 நானோமீட்டர் என்று வைப்போம். 2.2 மைக்ரோமீட்டரில் அது 0.43 ரேடியன், தெளிவின் வர்க்கம் 0.83 ஆகும். மங்கலான இலக்கில் டிராக்கருக்கு ஒளி போதாமல் நடுக்கம் 200 நானோமீட்டர் ஆனால் 0.57 ரேடியன், 0.72 ஆகும். 0.72-ஐ 0.83-ஆல் வகுத்தால் 0.87. அதாவது கருவியின் இழப்பைக் கேலிபிரேட்டரிலிருந்து எடுத்து இலக்குக்குப் போட்டால் இலக்கின் தெளிவின் வர்க்கம் 13% குறைவாக வரும்.

உங்கள் பேஸ்லைனில் 1.0 மில்லி ஆர்க்செகண்ட் வட்டுக்குத் தெளிவின் வர்க்கம் 0.886. அதில் 13% போனால் 0.77. அந்த மதிப்புக்குரிய விட்டம் 1.47. நான் 150, 200 என்று எடுத்தது எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் இரவின் எண்கள் டிராக்கர் பதிவிலேயே இருக்கும். ஆனால் 50 நானோமீட்டர் கூடுதல் நடுக்கமே நீங்கள் பார்க்கும் வித்தியாசம் முழுவதையும் உண்டாக்கிவிடும்.

நீங்கள் கணக்கிட்ட 0.3% சரி. கேலிபிரேட்டரின் விட்டத்தால் வரும் பிழை அது. கேலிபிரேட்டரைப் பார்த்த நேரத்தில் கருவி இருந்த நிலையும் இலக்கைப் பார்த்த நேரத்தில் இருந்த நிலையும் ஒன்றா என்பது வேறு கேள்வி. அதற்கு விட்டம் பதில் சொல்லாது.

பிப்ரவரி 3, காலை 9:45 | டிலேலைன்

"சின்னது" பற்றியும் ஒன்று. அந்த 0.3% என்பது 100 மீட்டருக்கு, கே பேண்டுக்கு. அதே 0.5 மில்லி ஆர்க்செகண்ட் விண்மீனை வில்சன் மலையில் சாரா தொலைநோக்கி வரிசையின் 330 மீட்டர் பேஸ்லைனில், எச் பேண்டில் (1.65 மைக்ரோமீட்டர்) வையுங்கள். தெளிவின் வர்க்கம் 0.97-லிருந்து 0.54-க்கு இறங்கிவிடும். விட்டத்தில் அதே 5% ஐயம் இப்போது 6.5% பிழை. ஒரே விண்மீன், 20 மடங்கு வித்தியாசம். சின்ன கேலிபிரேட்டர் என்று தனியாக ஒன்று கிடையாது. விட்டத்தைப் பேஸ்லைனால் பெருக்கி அலைநீளத்தால் வகுத்துப் பார்த்தபிறகுதான் அது சின்னதா என்று தெரியும்.

100 மீட்டரிலேயே 1.5 மில்லி ஆர்க்செகண்ட் விண்மீனை எடுத்திருந்தால் 5% ஐயம் 2.8% பிழையாகியிருக்கும்.

பிப்ரவரி 3, மாலை 6:10 | நிறமாலை

மேலே உள்ள எக்ஸ்பொனன்ஷியல் விதியை எல்லாக் கருவிக்கும் போட வேண்டாம். எக்ஸ்போஷர் நேரம் வளிமண்டலத்தின் கோஹரன்ஸ் நேரத்தைவிட (காற்றின் கலக்கம் ஏறத்தாழ மாறாமல் இருக்கும் நேரம்) நீளமாக இருந்தால்தான் அது பொருந்தும். பாதை வேறுபாட்டை வேகமாக ஸ்கேன் செய்து, ஒவ்வொரு ஸ்கேனின் பவர் ஸ்பெக்ட்ரத்திலிருந்து தெளிவின் வர்க்கத்தை எடுக்கும் கருவிகளில் நடுக்கம் பெரும்பாலும் பவர் சிகரத்தை அகலப்படுத்தும். சிகரத்தின் பரப்பைச் சரியாகத் தொகுத்தால் இழப்பு சிறிது.

இன்னொன்று: கிராவிட்டி (சிலியில் உள்ள விஎல்டிஐ குறுக்கீட்டுமானியின் கருவி) போன்ற கருவிகளின் தரவுச் செயலி, டிராக்கர் பதிவு செய்த கட்டங்களைக் கொண்டு ஒவ்வொரு எக்ஸ்போஷருக்கும் இழப்பைக் கணக்கிட்டுத் திருத்தும். வளையம், அந்தத் திருத்தம் போடப்பட்டதா?

பிப்ரவரி 3, இரவு 8:30 | டிலேலைன்

நிறமாலை சொல்வது சரி, அந்த வரம்பைச் சேர்த்தே படிக்க வேண்டும். திருத்தத்துக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. டிராக்கர் தன் கண்ணால் பார்த்த நடுக்கத்தைத்தான் அது திருத்தும். டிராக்கரின் ஒரு ஃபிரேம் நேரத்தைவிட வேகமான அதிர்வு அந்தப் பதிவில் தெரியாது. மங்கலான பொருளுக்கு ஃபிரேம் நேரத்தை நீட்டியிருப்பார்கள், எனவே தெரியாத பங்கு மங்கலான பொருளில்தான் அதிகம். வேண்டாத திசையிலேயே மிச்சம் நிற்கும்.

இன்னும் ஒரு நுணுக்கம். டிராக்கரின் திறனைத் தீர்மானிப்பது ஒளி மட்டும் அல்ல, ஒளியோடு பட்டைத் தெளிவும் சேர்ந்துதான். பிரகாசமான ராட்சத விண்மீன், ஆனால் அந்த பேஸ்லைனில் தெளிவு 0.1 என்றால், டிராக்கருக்கு அது மங்கலான பொருள் மாதிரிதான். மேக்னிட்யூட் பொருந்துகிறது என்று நம்பி அங்கே ஏமாறுவது சுலபம்.

பிப்ரவரி 4, காலை 8:05 | வளையம்

திருத்தம் போடவில்லை, இன்று போட்டுப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம்: உள் விளக்கை வைத்து ஒவ்வொரு நாளும் அளவுத்திருத்தம் செய்கிறார்களே, அதன் பிறகும் வானத்தில் பாதி நேரத்தைக் கேலிபிரேட்டருக்குக் கொடுப்பது ஏன்?

பிப்ரவரி 4, பகல் 12:40 | நிறமாலை

விளக்கு எதைப் பார்க்கிறது என்று பாருங்கள். ஒளியை இணைக்கும் சிப், நிறமாலைமானி, டிடெக்டர், அவ்வளவுதான். செய்முறை சுருக்கமாக:

முதலில் எல்லா ஷட்டரையும் மூடி டார்க் (ஒளியில்லாப் பதிவு). பிறகு ஒரு ஷட்டர் மட்டும் திறந்து, ஒவ்வொரு கற்றையின் ஒளி எந்தப் பிக்சல்களுக்கு என்ன விகிதத்தில் போகிறது என்று பதிவு. பிறகு இரண்டிரண்டாகத் திறந்து, பாதை வேறுபாட்டை ஓர் அலைநீளத்துக்கு மேல் ஓட்டி, ஒவ்வொரு வெளியீட்டிலும் பட்டையின் வீச்சும் கட்டமும். நான்கு தொலைநோக்கி என்றால் ஆறு இணைகள். இவை எல்லாம் சேர்ந்ததுதான் பி2விஎம் எனப்படும் அணி. பிக்சல் எண்ணிக்கையிலிருந்து தெளிவுக்குப் போகும் வழி அது.

இதில் தொலைநோக்கி இல்லை, டிலே லைனுக்கு (கற்றைகளின் பாதை நீளத்தைச் சமப்படுத்தும் நகரும் கண்ணாடிகள்) வரும் கண்ணாடி வரிசை இல்லை, காற்று இல்லை. தெளிவைக் கெடுக்கும் பெரிய காரணங்கள் அங்கேதான் இருக்கின்றன.

இரண்டு கற்றைகளின் ஒளி சமமாக இல்லாததைச் சொல்லலாம். 4-க்கு 1 என்ற விகிதத்தில் வந்தால் தெளிவு 0.8 ஆகக் குறையும். இதை ஃபோட்டோமெட்ரி பதிவால் திருத்திவிடலாம், அதற்கு அணி நன்றாக இருக்க வேண்டும். தளவிளைவு (போலரைசேஷன்) அவ்வளவு எளிதில்லை. கண்ணாடிகளிலும் ஒளியிழைகளிலும் இரண்டு தளக்கூறுகளுக்கு இடையே கட்ட வேறுபாடு உண்டாகும். இரு கற்றைகளில் அந்த வேறுபாடு 60 டிகிரி வித்தியாசப்பட்டால், பிரிக்காமல் சேர்த்துப் பதியும்போது தெளிவு அரைக் கோணத்தின் கொசைன், அதாவது 0.87. விஎல்டிஐயின் இன்னொரு கருவியான பயோனியரில் இதைச் சரிக்கட்டவே லித்தியம் நயோபேட் தகடுகளைச் சாய்க்கிறார்கள். மற்றொரு வழி வோலஸ்டன் முப்பட்டகத்தால் இரு கூறுகளையும் பிரித்துத் தனித்தனியே பதிவது. மங்கலான பொருளுக்கு ஒளி பாதியாகிவிடும் என்பதால் சிலர் பிரிக்க மாட்டார்கள். அப்படியானால் கேலிபிரேட்டரையும் பிரிக்காமலே எடுக்க வேண்டும். இலக்கு ஒரு முறையில், கேலிபிரேட்டர் மறுமுறையில் என்று கலந்த தரவை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

பிப்ரவரி 4, பகல் 1:15 | டிலேலைன்

தளவிளைவு தொலைநோக்கி நோக்கும் திசையோடு மாறும். கேலிபிரேட்டர் இலக்குக்கு அருகில், ஏறத்தாழ 10 டிகிரிக்குள், அதே உயரக் கோணத்தில் வேண்டும் என்று சொல்வதற்கு காற்று ஒரு காரணம், இது இன்னொன்று.

பிப்ரவரி 5, காலை 7:30 | டிலேலைன்

எந்தக் கேலிபிரேட்டரும் பிடித்துத் தராத பிழை ஒன்று இருக்கிறது, அதை இந்த இழையில் யாரும் தொடவில்லை: அலைநீளம்.

விட்டமும் பேஸ்லைனும் பெருக்கல், அலைநீளம் வகுத்தல். அலைநீள அளவுகோலில் 1% பிழை இருந்தால் விட்டத்தில் நேராக 1% பிழை. கேலிபிரேட்டர் பிரிபடாத புள்ளி, அதன் தெளிவு எந்த அலைநீளத்திலும் ஏறத்தாழ 1 தான். அலைநீளம் தவறு என்று சொல்ல அதற்கு வழியே இல்லை. எல்லாக் கேலிபிரேட்டரும் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகும், விடை மட்டும் ஒரே பக்கமாகத் தள்ளி நிற்கும்.

பேஸ்லைன் நீளத்தைப் பற்றி விட்ட அளவீட்டில் கவலை இல்லை. 100 மீட்டரில் 1 மில்லிமீட்டர் தவறினால் லட்சத்தில் ஒரு பங்கு. அலைநீளம்தான் கவனிக்க வேண்டியது, அதுவும் தாழ்ந்த பிரிதிறனில். பேண்ட் முழுக்க ஐந்தாறு பிக்சல்தான் இருக்கிறது என்றால் ஒரு பிக்சலின் சராசரி அலைநீளம் விண்மீனின் நிறத்தையும் வடிகட்டியின் வடிவத்தையும் பொறுத்து நகரும். சிவந்த இலக்குக்கு நீல நிறக் கேலிபிரேட்டர் போடாதீர்கள் என்பதற்கு இது ஒரு காரணம்.

அளவிடும் முறை: உள் விளக்கைப் போட்டு, ஒரு கற்றையின் பாதையைப் பல பத்து மைக்ரோமீட்டர் நீளத்துக்கு மெதுவாக ஓட்டுங்கள். நகர்ந்த தூரத்தை 633 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசர் அளவிடட்டும். ஒவ்வொரு பிக்சலிலும் கட்டம் எவ்வளவு சுழன்றது என்று பாருங்கள். தூரத்தைச் சுழற்சி எண்ணிக்கையால் வகுத்தால் அந்தப் பிக்சலின் அலைநீளம். பைசோவின் (மின்னழுத்தம் கொடுத்தால் கண்ணாடியை நகர்த்தும் படிகம்) மின்னழுத்தத்திலிருந்து தூரத்தை ஊகிக்கக் கூடாது. பைசோ நேர்கோட்டில் நகராது, முன்னே போகும்போதும் பின்னே வரும்போதும் ஒரே பாதையில் போகாது.

வானத்தில் சரிபார்க்க, சுற்றுப்பாதை நன்றாகத் தெரிந்த இரட்டை விண்மீன் ஒன்றைப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் அளவுகோல் தெரியும். இந்தச் சோதனைக்கு இரட்டை விண்மீன்தான் வேண்டும், புள்ளி விண்மீன் உதவாது.

பிப்ரவரி 5, மாலை 5:50 | வளையம்

இரட்டை விண்மீன் என்றதும் கேட்கத் தோன்றியது. கேலிபிரேட்டரே இரட்டையாக இருந்தால்?

பிப்ரவரி 5, இரவு 9:05 | நிறமாலை

இருக்கும், அடிக்கடி. முதன்மை விண்மீனின் ஒளியில் 1% மட்டுமே உள்ள துணை போதும், தெளிவின் வர்க்கம் 1-க்கும் 0.96-க்கும் இடையே ஆடும். பூமி சுழல பேஸ்லைன் திரும்பத் திரும்ப அது மாறும், நீங்கள் காற்று கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். பிடிக்க எளிய வழி குளோஷர் ஃபேஸ். மூன்று தொலைநோக்கிகளின் கட்டங்களை வட்டமாகக் கூட்டினால் காற்றின் பங்கு அடிபட்டுப்போகும், சமச்சீரான விண்மீனுக்குப் பூச்சியம் (அல்லது 180 டிகிரி) வர வேண்டும். 1% துணை ஒரு டிகிரி அளவுக்கு விலகலைக் காட்டும்.

அதனால் ஒரே கேலிபிரேட்டரை மட்டும் வைத்து இரவை ஓட்டக் கூடாது. இரண்டு, முடிந்தால் மூன்று. ஒன்றை இலக்காகப் பாவித்து மற்றவற்றால் திருத்திப் பாருங்கள். பட்டியலில் உள்ள விட்டம் வரவில்லை என்றால் எதையோ சந்தேகிக்க வேண்டும்.

வேகமாகச் சுழலும் விண்மீன்களும் வேண்டாம். வேகா எவ்வளவு காலம் அளவுகோல் விண்மீனாக இருந்தது! அது தன் துருவத்தை நம் பக்கம் காட்டிக்கொண்டு வேகமாகச் சுழல்கிறது, துருவம் சூடாகவும் நடுக்கோடு குளிர்ந்தும் இருக்கிறது என்பதை 2006-ல் குறுக்கீட்டுமானிகள்தான் காட்டின. ஆல்டேர் நசுங்கிய உருண்டை, அதன் மேற்பரப்புப் படத்தை 2007-ல் சாராவில் எடுத்தார்கள். நிறமாலைக் கோடுகளின் அகலம் பெரும்பாலும் வேகமான சுழற்சியைக் காட்டிவிடும், தேர்வு செய்யும்போதே பார்த்துவிடலாம். ஆனால் வேகா மாதிரி துருவம் நம் பக்கம் இருந்தால் கோடுகள் குறுகலாகவே தெரியும்.

பட்டியலைப் பற்றி: பிரெஞ்சு ஜேஎம்எம்சி மையத்தின் ஜேஎஸ்டிசி பட்டியலில் நான்கு லட்சத்துக்கு மேல் விண்மீன்கள் இருக்கின்றன. அவற்றின் விட்டம் நேரடியாக அளந்தது அல்ல, நிறத்துக்கும் மேற்பரப்புப் பொலிவுக்கும் உள்ள தொடர்பிலிருந்து கணக்கிட்டது. எந்த நெடுவரிசையை எடுக்கிறீர்கள் என்று கவனியுங்கள். விளிம்பு மங்கலைச் சேர்த்த விட்டம் ஒன்று, ஒவ்வொரு பேண்டுக்கும் உரிய சீரான வட்ட விட்டம் வேறு. குளிர்ந்த விண்மீனுக்குக் கே பேண்டிலேயே இரண்டும் சுமார் 2% வேறுபடும், கண்ணுறு ஒளியில் இன்னும் அதிகம்.

பிப்ரவரி 5, இரவு 9:40 | டிலேலைன்

அந்த 5% ஐயத்தை இரவு முழுக்கச் சராசரி எடுத்துக் குறைத்துவிட முடியாது. ஒரே கேலிபிரேட்டரால் திருத்திய எல்லாப் புள்ளிகளும் ஒரே பக்கம் தள்ளப்படும். ஐம்பது புள்ளி இருக்கிறது என்று ஐம்பதின் வர்க்கமூலத்தால் வகுத்து ±0.03 என்று போட்டுவிடுகிறார்கள். கேலிபிரேட்டர்களை ஒவ்வொன்றாக நீக்கி மறுபடி பொருத்திப் பாருங்கள், விடை எவ்வளவு ஆடுகிறதோ அதுதான் நேர்மையான பிழை.

பிப்ரவரி 6, காலை 6:55 | டிலேலைன்

இந்தப் பழக்கம் புதிதல்ல. 1920 டிசம்பர் 13-ல் மைக்கெல்சன், பீஸ் இருவரின் கருவி (வில்சன் மலை 100 அங்குல தொலைநோக்கியின் மேல் 20 அடி உத்திரம்) திருவாதிரையைப் பார்த்தது. கண்ணாடிகளின் இடைவெளி 121 அங்குலம் ஆனபோது பட்டை மறைந்தது. 0.047 ஆர்க்செகண்ட் என்ற விட்டம் அதிலிருந்து வந்தது. ஆனால் பட்டை மறைவதற்குக் கருவி கோணலாக இருப்பதும் காரணமாகலாம். வேறு விண்மீன்களுக்குத் திருப்பி, அங்கே பட்டை தெரிகிறது என்று பார்த்தபிறகுதான் அதை விட்டம் என்று ஏற்றுக்கொண்டார்கள். எண் எதுவும் திருத்தாத, ஆம்-இல்லை மட்டும் சொல்லும் கேலிபிரேட்டர். இருந்தும் கேள்வி இன்று நாம் கேட்பதேதான்: கருவியா, விண்மீனா?

பிப்ரவரி 6, பகல் 2:20 | வளையம்

கிராவிட்டி பால்வெளி மையத்தில் கருந்துளையைச் சுற்றும் எஸ்2 விண்மீனின் இடத்தைப் பல பத்து மைக்ரோ ஆர்க்செகண்ட் துல்லியத்தில் சொல்கிறதே. அங்கேயும் இந்தக் கேலிபிரேட்டர் கணக்குதானா?

பிப்ரவரி 6, மாலை 7:00 | டிலேலைன்

இல்லை, அங்கே அளப்பது தெளிவை அல்ல, இரண்டு பொருள்களின் பாதை வேறுபாட்டை. கோண இடைவெளியைப் பேஸ்லைனால் பெருக்கினால் அந்த நீளம். 100 மீட்டரில் 10 மைக்ரோ ஆர்க்செகண்ட் என்பது 5 நானோமீட்டர். அந்த 5 நானோமீட்டரை, இரு பொருள்களின் ஒளியும் தனித்தனியே போகும் பாதைகளில், தொலைநோக்கி வரை நம்பிக்கையோடு அளக்க வேண்டும். கிராவிட்டியில் 1908 நானோமீட்டர் லேசர் ஒளி இணைப்பானிலிருந்து பின்னோக்கிப் போய்த் தொலைநோக்கியின் மேல் வரை அளந்துவிட்டு வருகிறது.

லேசர் மாற்றத்தைச் சொல்லும், பூச்சியம் எங்கே என்று சொல்லாது. பூச்சியத்துக்கு ஸ்வாப்: முதல் விண்மீன் ஒரு வழியிலும் இரண்டாவது மறு வழியிலும் போவதை அளந்து, பிறகு இடம் மாற்றி அளப்பது. விண்மீன்களின் பங்கு குறி மாறும், கருவியின் பங்கு மாறாது. கழித்துப் பாதியாக்கினால் விண்மீன்களின் பங்கு மட்டும் நிற்கும். லேசர் பூட்டு நடுவில் விட்டுப்போனால் அந்தப் பூச்சியம் செல்லாது, மறுபடி ஸ்வாப்.

பேஸ்லைன் நீளம் இங்கே முக்கியம். 10 ஆர்க்செகண்ட் இடைவெளியில் 10 மைக்ரோ ஆர்க்செகண்ட் வேண்டும் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, 100 மீட்டருக்கு 100 மைக்ரோமீட்டர். இதை டேப் வைத்து அளக்க முடியாது. வானம் முழுக்கப் பரவிய, இடம் நன்றாகத் தெரிந்த விண்மீன்களில் பட்டையைப் பிடித்து, ஒவ்வொன்றிலும் டிலே லைன் நின்ற இடத்தைக் குறித்து, நான்கு தெரியாத எண்களுக்குத் தீர்க்க வேண்டும்: கிழக்கு, வடக்கு, மேல், ஒரு மாறிலி. ஒரே உயரத்தில் உள்ள விண்மீன்களை மட்டும் எடுத்தால் மேல்நோக்கிய கூறும் மாறிலியும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், தாழ்ந்ததும் உயர்ந்ததும் கலந்து எடுங்கள். இடைவெளி சிறிதாக இருந்தால் பேஸ்லைன் தேவையும் தளரும். எஸ்2 விஷயத்தில் இடைவெளி 10 ஆர்க்செகண்டைவிட மிகக் குறைவு என்பதால் அது பெரிய ஆறுதல்.

பிப்ரவரி 7, காலை 8:40 | வளையம்

டிராக்கர் திருத்தம் போட்டுவிட்டேன். முதல் இரவு 1.47-லிருந்து 1.15-க்கு இறங்கியது. மூன்றாம் இரவு அசையவே இல்லை, 1.0. மிச்ச 0.15?

பிப்ரவரி 7, காலை 10:10 | டிலேலைன்

மூன்றாம் இரவு அசையாதது எதிர்பார்த்ததுதான். 6.8-ம் 7-ம் டிராக்கருக்கு ஒன்றே, இழப்பு வகுத்தலில் அடிபட்டுவிட்டது.

முதல் இரவின் மிச்சத்துக்கு இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, இரண்டு பொருள்களுக்கும் டிராக்கர் ஃபிரேம் நேரம் ஒன்றா? வேறு என்றால் நான் முன்பு சொன்ன வேகமான அதிர்வு அங்கே ஒளிந்திருக்கும். இரண்டு, இரைச்சல் பயாஸ். தெளிவின் வர்க்கத்தில் இரைச்சலின் வர்க்கமும் சேர்ந்துகொள்ளும், எப்போதும் கூட்டல்தான். டிலே லைனைக் கோஹரன்ஸ் நீளத்தைப் (பட்டை தெரியும் பாதை வேறுபாட்டின் எல்லை) போலப் பல மடங்கு தள்ளி, பட்டையே இல்லாத இடத்தில் எடுத்த ஃபிரேம்களில் வரும் மதிப்பைக் கழிக்க வேண்டும். அது பூச்சியத்துக்கு வரவில்லை என்றால் உங்கள் இலக்கிலும் அதே அளவு மிச்சம் உண்டு. ஆனால் பயாஸ் தெளிவைக் கூட்டும், விட்டத்தைக் குறைக்கும். உங்கள் முதல் இரவு பெரிதாக நிற்கிறது, எனவே என் சந்தேகம் முதலாவதன் மேல்தான்.

டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனை (கேலிபிரேட்டரிலிருந்து கிடைக்கும் கருவியின் தெளிவு இழப்பு) நேரத்துக்கு எதிராக மட்டும் வரையாதீர்கள். டிராக்கர் காட்டும் மிச்ச நடுக்கத்துக்கு எதிராகவும், உயரக் கோணத்துக்கு எதிராகவும் வரையுங்கள். நேரத்தோடு தாறுமாறாகத் தெரியும் புள்ளிகள் நடுக்கத்தோடு ஒரே கோட்டில் விழுந்தால் காரணம் கையில் வந்துவிட்டது.

பிப்ரவரி 7, பகல் 11:55 | வளையம்

பார்த்தேன். கேலிபிரேட்டருக்கு 0.85 மில்லி நொடி, இலக்குக்கு 10 மில்லி நொடி.

பிப்ரவரி 7, பகல் 12:30 | டிலேலைன்

அப்படியானால் முதல் இரவின் தெளிவை விட்டத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். 10 மில்லி நொடிக்குள் நடந்ததைத் திருத்தப் பதிவே இல்லை. குளோஷர் ஃபேஸை வைத்துக்கொள்ளுங்கள், நடுக்கம் அதன் இரைச்சலைக் கூட்டுமே தவிர மதிப்பை ஒரு பக்கமாகத் தள்ளாது. வட்டு சமச்சீரா என்ற கேள்விக்கு இரண்டு இரவும் உதவும்.

அடுத்த முறை விண்ணப்பத்தில் மேக்னிட்யூட் 6.5-லிருந்து 7.2 வரை, இலக்கின் நிறத்துக்கு அருகில், 10 டிகிரிக்குள் மூன்று விண்மீன்கள் கேளுங்கள். கேலிபிரேட்டர், இலக்கு, கேலிபிரேட்டர் என்று மாறி மாறி, ஒவ்வொன்றுக்கும் இருபது முப்பது நிமிடத்துக்கு மிகாமல். டிராக்கர் ஃபிரேம் நேரம் எல்லாவற்றுக்கும் 10 மில்லி நொடி என்று எழுத்தில் போட்டுவிடுங்கள். பிரகாசமான கேலிபிரேட்டர் வந்தால் இரவில் கருவியை இயக்குபவர் தானாகவே வேகத்தைக் கூட்டிவிடுவார்.

பிப்ரவரி 7, பகல் 12:50 | நிறமாலை

வோலஸ்டன் உள்ளேயா வெளியேயா என்பதையும் எழுத்தில் போடுங்கள்.